லைவ் பைட்டோ ஊத்துனா நைட்ரேட் இறங்குமா? – சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். மதுரையிலேந்து ஒரு தம்பி கேள்வியை ஆடியோவா அனுப்பியிருக்காரு. வீட்ல கடல் மீன் தொட்டி வச்சிருக்காரு. புதுசா கேக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை: பைட்டோன்னா தண்ணியில மிதக்குற, கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசி; நானோகுளோராப்சிஸ், சுருக்கமா நானோ, அதுல ஒரு வகை. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் தீனி, கழிவுலேந்து தண்ணியில சேர்றது, அளவு பிபிஎம், அதாவது லிட்டருக்கு மில்லிகிராம். க்ளவுனும் மாண்டரினும் மீன். ஸ்கிம்மர்னா நுரை கட்டி அழுக்கைத் தூக்குற கருவி. இப்ப அவர் பேசுனதை அப்படியே சொல்றேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும்.

"அண்ணே, என்கிட்ட மூணு அடி மரைன் தொட்டி, சுமாரா 150 லிட்டர் தண்ணி நிக்கும். சாஃப்ட் கோரல், ரெண்டு க்ளவுன், ஒரு மாண்டரின். நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.1 இருந்துச்சு. லைவ் பைட்டோ தினம் 100 மில்லி ஊத்துனா ரெண்டும் தானா இறங்கிடும், தண்ணி மாத்தவே வேணாம்னு ஒருத்தர் சொன்னாரு. நானே நானோகுளோராப்சிஸ் வளர்த்து மூணு வாரமா ஊத்துறேன். நைட்ரேட் அப்படியே நிக்குது, பாஸ்பேட் 0.2 ஆயிடுச்சு. என் பைட்டோ சரியில்லையா? ஊத்துறப்ப ஸ்கிம்மரை ஆஃப் பண்ணணுமா?"

இவ்ளோதான் கேள்வி. நடுவுல ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க, "சீக்கிரம் பச்சையாகட்டும்னு உரத்தை ரெண்டு மடங்கு போடுறேண்ணே"ன்னு. அதை ஞாபகத்துல வச்சுக்கங்க, அங்க திரும்பி வருவேன்.

தம்பி, உங்க பைட்டோ நல்லாத்தான் இருக்கு. உங்ககிட்ட சொன்னவருதான் பாதியைச் சொல்லிட்டு மீதியை விட்டுட்டாரு. உயிரோட இருக்குற பாசி, வெளிச்சம் கிடைச்சா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும். இது உண்மை. ஆனா எந்தத் தண்ணியிலேந்து உறிஞ்சுது? உங்க பாட்டில்ல இருந்த தண்ணியிலேந்து. நீங்க போட்ட உரத்தை அது தின்னுச்சு. தின்னு வயிறு நிரம்புனதுக்கப்புறம்தான் அதைத் தூக்கித் தொட்டியில விடுறீங்க.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். வீட்ல பைட்டோ வளர்க்குறவங்க பெரும்பாலும் போடுறது எஃப் பை டூ உரம். 1962-ல கில்லார்டு, ரைதர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் டயாட்டம்ங்கற சிலிகா ஓட்டுப் பாசியை வளர்க்க உருவாக்குனதுலேந்து வந்தது, இன்னைக்கும் ஓடுது. அந்த அளவுப்படி போட்டா ஒரு லிட்டர்ல நைட்ரேட் சுமார் 55 மில்லிகிராம், பாஸ்பேட் சுமார் 3.4 மில்லிகிராம் இருக்கும். எட்டு பத்து நாள்ல பாட்டில் நல்லா பச்சையாயிடுது. இப்ப அந்தத் தண்ணியை டெஸ்ட் பண்ணா நைட்ரேட் ஜீரோ காட்டலாம். அது காணாமப் போயிடல, செல்லுக்குள்ள போயிடுச்சு. குண்டான்ல இருந்த சோத்தை டிபன் பாக்ஸ்ல அள்ளி வச்சா சோறு குறைஞ்சுடுமா? அதே சோறுதான் உங்க தொட்டிக்குள்ள வருது.

நீங்க ரெண்டு மடங்கு உரம் போடுறீங்க. அப்ப உங்க 100 மில்லியில கிட்டத்தட்ட 0.7 மில்லிகிராம் பாஸ்பேட். இருபத்தோரு நாளைக்கு 14 சொச்சம். 150 லிட்டருக்கு வகுத்துப் பாருங்க, 0.1 வருதா? 0.1 இருந்தது 0.2 ஆச்சுன்னு நீங்களே சொல்றீங்க. இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா வழக்கமா இவ்ளோ கச்சிதமா வராது. பாறை கொஞ்சம் பாஸ்பேட்டை இழுத்து வச்சுக்கும், மீன் தீனி கொஞ்சம் சேர்க்கும், செல்லுக்குள்ள இருக்கறது ஏதாவது உயிர் தின்னு கழிச்சாதான் டெஸ்ட் கிட்ல தெரியும். ஆனா திசை இதுதான். நைட்ரேட் ஏன் ஏறலைன்னா, அதுவும் ஏறித்தான் இருக்கு, ஒன்றரை பிபிஎம் போல. கலர் கார்டுல 10-க்கும் 25-க்கும் நடுவுல கண்ணைச் சுருக்கிப் பார்க்குறோம், அதுல ஒன்றரை எங்க தெரியப்போகுது?

சரி, தொட்டிக்குள்ள வந்தப்புறமாவது வளர்ந்து, பெருகி, நைட்ரேட்டை இழுக்காதான்னு கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். காலையில 100 மில்லி ஊத்துங்க, தண்ணி லேசா மங்கலாகும். சாயங்காலம் வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஸ்பாஞ்சும் குழாய்ப்புழுவும் பாட்ஸும் (இறால் இனத்துப் பொடிப் பூச்சிங்க) தின்னுடுச்சு, மீதியை ஸ்கிம்மர் தூக்கிடுச்சு. நல்ல பாட்டில்லயே நானோ ரெண்டு மடங்காக ஒரு நாளாவது ஆகும். தொட்டியில அதுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கறதில்ல.

கிடைச்சுதுன்னே வைங்க. ஊத்துன ஒவ்வொரு செல்லும் ஒரு தடவை பிரிஞ்சு ரெண்டாச்சு, அத்தனையையும் ஸ்கிம்மர் ஒண்ணு விடாம வெளியே எடுத்துடுச்சு. நடக்காத கதை, ஆனாலும் வைங்க. சரியான அளவு உரத்துல வளர்த்த 100 மில்லி, உங்க தொட்டியிலேந்து நிகரமா எடுக்குறது அஞ்சரை மில்லிகிராம் நைட்ரேட். வாரத்துக்கு 38. இப்ப இந்தப் பக்கம் பாருங்க: 20 பிபிஎம் இருக்குற தொட்டியில ஒரு பெயிண்ட் பக்கெட் அளவு, 22 லிட்டர் தண்ணி மாத்துனா ஒரே தடவையில 440 மில்லிகிராம் வெளியே போகுது. 440 எங்க, 38 எங்க! அந்த 440-ஐ நிறுத்திட்டுத்தான் நீங்க பைட்டோவை நம்பியிருக்கீங்க.

கேட்டோ பாசிக்கும் இதுக்கும் வித்தியாசமே இங்கதான். சம்ப்ல, அதாவது தொட்டியோட சேர்ந்த ஃபில்டர் தொட்டியில, நூல் மாதிரி கேட்டோ வளருது, மாசம் ஒருக்கா ஒரு கை அள்ளிப் பிழிஞ்சு குப்பையில போடுறீங்க. அந்த ஒரு கை பாசியோட நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீட்டை விட்டே போகுது. பைட்டோவை யாரு அள்ளுறா? பாட் தின்னுச்சு, மாண்டரின் பாட்டைத் தின்னுச்சு, மாண்டரின் கழிச்சுது. சுத்திச் சுத்தி தொட்டிக்குள்ளயேதான் நிக்குது.

அப்ப பைட்டோ வேஸ்ட்டான்னா, இல்லவே இல்ல. நானே பத்து வருஷமா வளர்க்குறேன். அது ஃபில்டர் கிடையாது, தீனி. அந்தக் கணக்குல பார்த்தா பிரமாதமான தீனி. உங்க மாண்டரின் இருக்கே, அது நாள் பூரா பாறையைக் கொத்திக்கிட்டே திரியுற ஜாதி, அதுக்கு உயிருள்ள பாட்ஸ் வேணும். பாட்ஸ் பெருக பைட்டோ வேணும். பாட்ஸ் நல்லா இருந்தா ஃப்ரோசன் தீனியைக் குறைக்கலாம். தினம் ரெண்டு கட்டி போடுறவர் ஒண்ணு போட்டாருன்னா, நைட்ரேட் குறைய அதுதான் உண்மையான வழி. பைட்டோ சம்பந்தப்பட்ட "நைட்ரேட் குறைஞ்சுது" கதை பலதுல நடந்தது இதுதான்னு நான் நினைக்கிறேன், பேர் மட்டும் பைட்டோவுக்குப் போயிடுது.

கோரல் பைட்டோவைத் தின்னுமான்னு இன்னொரு கேள்வி எப்பவும் வரும். எல்லாம் தின்னாது. 1995-ல செங்கடல்ல ஆராய்ச்சி பண்ணி, டென்ட்ரோநெப்தியா பைட்டோவைத் தின்னே வாழுதுன்னு காட்டினாங்க. கார்னேஷன் கோரல்னு கலர் கலரா இருக்குமே, அதுதான். அதுக்கு உடம்புக்குள்ள பாசி கிடையாது, வெளிச்சத்துல சம்பாதிக்கத் தெரியாது. உங்ககிட்ட இருக்குற ஸோவா, மஷ்ரூம், லெதர் எல்லாம் வெளிச்சத்துல பிழைக்கிற கூட்டம். கல் பவளம் பத்தி இங்க பேசப்போறதில்ல, 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாச்சு, நம்ம கடல்லேந்து எடுக்கவே கூடாது.

இப்ப ஸ்கிம்மர். பாட்ஸுக்காக ஊத்துறீங்கன்னா லைட் அணைஞ்சப்புறம் ஊத்துங்க, அப்பதான் அதுங்க வெளிய வரும். ஸ்கிம்மரையும் யூவி விளக்கையும் ரெண்டு மூணு மணி நேரம் நிறுத்துங்க, அப்புறம் மறக்காம போடுங்க. மறக்காமன்னு அழுத்திச் சொல்றேன். ராத்திரியில பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அளவுக்கு மீறி ஊத்தி, ஸ்கிம்மரும் இல்லாம விட்டா விடியக்காலையில மீன் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். 2019 செப்டம்பர்ல மன்னார் வளைகுடாவுல கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குச்சே, ஞாபகம் இருக்கா? நாக்டிலூகாங்கற ஒத்தைச் செல் உயிர் பண்ணுன வேலை. அதுக்கு முந்தின மாசம் சென்னையில ராத்திரி கடல் நீலமா மின்னுச்சுன்னு எல்லாரும் பீச்சுக்கு ஓடுனாங்களே, அதே உயிர்தான். பெருகி, செத்து, அழுகுறப்ப தண்ணியில இருக்குற ஆக்சிஜனைக் காலி பண்ணிடும். உங்க 100 மில்லி அவ்ளோ தூரம் போகாது, அரை லிட்டர் ஊத்துறவங்களுக்குச் சொல்றேன்.

உங்க பாட்டில்ல உரம் மிச்சமிருக்கான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன், மைக்ராஸ்கோப்பெல்லாம் வேணாம். ஒரு கண்ணாடி பாட்டில்ல பைட்டோவை ஊத்தி ஃப்ரிட்ஜ்ல பின்னாடி ஓரமா வைங்க. ஒரு வாரம், பத்து நாள் அசைக்கவே கூடாது. நானோவுக்கு நீந்தத் தெரியாது, மெதுவா அடியில இறங்கும். மேல ரெண்டு விரக்கடை தண்ணி தெளிஞ்சு வரும், லேசா பச்சை இருந்தாலும் பரவாயில்ல. சிரிஞ்சை மேலாப்புல வச்சு அதை மட்டும் உறிஞ்சுங்க. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணி சேர்த்து டெஸ்ட் பண்ணுங்க, வர்றதைப் பத்தால பெருக்குங்க. அஞ்சு மில்லி போதும். பாஸ்பேட் பளிச்சுனு நீலமாச்சுன்னா நீங்க தொட்டிக்கு ஊத்திக்கிட்டு இருந்தது பாதி பைட்டோ, பாதி உரம். தெளிஞ்ச தண்ணியைக் கொட்டிட்டு அடியில நிக்குற பச்சையை மட்டும் புது உப்புத்தண்ணியில கலக்கி ஊத்துனா அந்த உரம் தொட்டிக்கு வராது.

இதை நான் புத்தியால கத்துக்கல, அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். தெரிஞ்ச பையன் ஒருத்தன் இறால் ஹேச்சரியில வேலை பார்த்தான். அஞ்சு லிட்டர் கேன்ல பாசித்தண்ணி கொண்டுவந்து குடுத்தான். காசில்லாம வருதேன்னு ஒரே நாள்ல ஒரு லிட்டர் ஊத்திட்டேன். வெளியில பெரிய டேங்க்ல வளர்க்குறப்ப அம்மோனியம் சல்பேட், யூரியான்னு வயலுக்குப் போடுற உரத்தையே போடுவாங்க, அவங்களுக்கு அது கட்டுப்படியாகும். நான் என்ன போட்டு வளர்த்ததுன்னு கேக்கவே இல்ல. நம்ம தொட்டியில பிஎச் 8.2, அங்க அம்மோனியா கூடுதலா விஷம். மறுநாள் ரெண்டு டாம்செல் மீன் போச்சு, குழாய்ப்புழு கிரீடத்தைக் கழட்டிப் போட்டுடுச்சு. போதாக்குறைக்கு அது டயாட்டம் போல, சிலிகேட் வேற மிச்சம் இருந்திருக்கு. ஒரு மாசம் கண்ணாடி பூரா பழுப்பு, தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஆக தம்பி, இந்த வாரமும் அடுத்த வாரமும் 30 லிட்டர், 30 லிட்டர் தண்ணி மாத்துங்க. உரத்தை லேபிள்ல போட்டிருக்கற அளவுக்கே இறக்குங்க, பச்சையாக ரெண்டு நாள் கூட ஆகும், ஆகட்டும். தினம் 100 வேணாம், 30 மில்லி ஊத்துங்க, உங்க மாண்டரினுக்கு அது போதும். மாண்டரின் வயிறு ஒட்டாம உருண்டையா இருக்கான்னு பாருங்க, அதை வச்சு ஏத்தலாம், இறக்கலாம். அதோட ரெண்டும் ஜீரோ ஆகணும்னு துரத்தாதீங்க. ரெண்டும் ஜீரோவான தொட்டியிலதான் டைனோ (டைனோஃப்ளாஜெலேட்ங்கற தொல்லைப் பாசி) வந்து உக்காரும், மூக்குச்சளி மாதிரி குமிழோட தொங்கும், அதை ஓட்டுறது இதை விடப் பெரிய பாடு.

மதுரை வெயிலுக்கு இன்னொண்ணு. சித்திரை, வைகாசியில பாட்டில் பச்சையிலேந்து மஞ்சளாகி, அடியில திட்டுத் திட்டா படிஞ்சு, மூடியைத் திறந்தா அழுகுன முட்டை நாத்தம் வந்துச்சுன்னா யோசிக்காம கொட்டிடுங்க. அதனால எப்பவும் ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல தனியா இருக்கட்டும், தினம் ஒருக்கா லேசா குலுக்கி வைங்க, டெஸ்டுக்கு வச்ச பாட்டிலை மட்டும் தொடாதீங்க. மேல பேரும் எழுதி ஒட்டுங்க. எங்கம்மா ஒரு தடவை அருகம்புல் சாறுன்னு நெனச்சு டம்ளர்ல ஊத்திட்டாங்க. மூக்குகிட்ட கொண்டுபோனதும், "என்னடா இது, காசிமேடு மாதிரி நாறுது"ன்னு கீழ வச்சாங்க. அன்னையிலேந்து எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல எனக்கு அடித்தட்டு மட்டும்தான்.