இருட்டில் பறந்த புட்டிங்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சுற்றுவதைவிட ஒரே வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவது நல்லது என்று எண்ணி, 'தி கூன் ஷோ'வின் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 1954 அக்டோபர் 12 அன்று பிபிசி ஒலிபரப்பிய அந்தப் பகுதியில், பெக்ஸ்ஹில்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில் யாரோ ஒருவன் முதியவர்கள் மேல் பேட்டர் புட்டிங்கை எறிந்துவிட்டு இருட்டில் மறைந்துவிடுகிறான். கதை அவ்வளவுதான்.

கோதுமை மாவையும் முட்டையையும் பாலையும் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றி உப்ப வைக்கிற எளிய பண்டம் அது. ஆனால் கதை நடக்கிற ஆண்டு 1941, இரண்டாம் உலகப் போரின் நடுவே. முட்டையை எண்ணிக் கொடுத்த காலம். பிரிட்டனில் உணவுப் பங்கீடு முழுவதுமாக விலகியதே 1954 ஜூலையில்தான். பங்கீட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்து மூன்று மாதமே ஆகியிருந்த மக்கள், தின்ன வேண்டிய பண்டத்தை ஒருவன் வீசி வீணாக்குவதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். 1918இல் நம் நாட்டின் அகமதுநகரில், ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். போர் தொடங்கியபின் பீரங்கிப் படையில் சேர்ந்து, அந்த பெக்ஸ்ஹில்லிலேயே முகாமிட்டிருந்து, பிறகு வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போய், 1944இல் மோன்ட்டே காசினோ அருகே காயம்பட்டு, உடலோடு மனமும் குலைந்து திரும்பியவர். எனவே அந்த ஊரின் இருட்டு அவருக்குக் கற்பனை அன்று. கடலுக்கு அப்பால் எதிரி இருக்கிறான் என்பதற்காக ஒரு சன்னல் வெளிச்சம்கூட வெளியே கசியக் கூடாது என்ற கட்டளையின்கீழ் அவர் நடந்த தெருக்களின் இருட்டு அது.

இனி என்னை மிகவும் கவர்ந்த காட்சிக்கு வருகிறேன். கிழவர் ஹென்றி கிரன், அவருடன் வந்து அடிபட்ட மின்னி பானிஸ்டர் என்ற கிழவி, விசாரிக்க வந்த நெட்டி சீகூன் ஆகிய மூவரும் இருட்டில் நிற்கிறார்கள். வெளிச்சம் வேண்டும், ஆனால் கூடாது. அப்படியானால் இருட்டான வெளிச்சமாக ஒன்றை ஏற்றுங்கள் என்கிறாள் மின்னி. ஒரு சின்னத் தீக்குச்சியைப் போய் ஜெர்மானியர் பார்த்துவிடுவார்களா என்று கிழவர் கேட்க, சீகூனும் இணங்கிக் குச்சியைக் கிழிக்கிறார். உடனே ஒரு குண்டு சீறிக்கொண்டு வந்து வெடிக்கிறது. அதற்கும் வழி இருக்கிறது: மின்னியிடம் ஜெர்மன் தீப்பெட்டி ஒன்று இருக்கிறது, தங்கள் தீக்குச்சியைத் தாங்களே சுடுவார்களா என்ன? கிழிக்கிறார்கள். மறுபடியும் குண்டு. இந்த முறை சுட்டது பிரிட்டிஷ்காரர்கள்!

இதைத் திரையில் காட்டினால் பாதிச் சுவை போய்விடும் என்று நினைக்கிறேன். வானொலி கேட்பவனும் இருட்டில்தான் இருக்கிறான். குச்சி உரசும் ஒலி ஒன்றே அவனுக்குக் கிடைக்கிற வெளிச்சம். அதனால்தான் மில்லிகன் ஒலிக்காக எல்லோரையும் படாதபாடு படுத்தினார். கஸ்டர்டு நிரப்பிய காலுறை சுவரில் மோதும் ஓசை வேண்டும் என்று சிற்றுண்டிச்சாலையில் கஸ்டர்டு வாங்கித் தம் காலுறையிலேயே ஊற்றி அடித்துப் பார்த்தார் என்றும், அந்த ஓசை பிடிக்காமல் போயிற்று என்றும் ஒரு கதை சொல்வதுண்டு. காலுறை போனதுதான் மிச்சம்.

கடைசியில், நடுக்கடலில் ஒரு படகு. சீகூனும், தொடரின் வழக்கமான வில்லனான மோரியார்ட்டியும் பசியில் வாடுகிறார்கள். இருக்கிற ஒரே உணவு அந்தப் புட்டிங். வழக்குக்கு இருக்கிற ஒரே சாட்சியமும் அதுதான். தின்று பிழைப்பதா, நீதிக்காகப் பட்டினி கிடந்து சாவதா? முடிவை நேயர்களே எழுதி அனுப்பலாம் என்கிறார் அறிவிப்பாளர் வாலஸ் கிரீன்ஸ்லேட். அத்தோடு விடாமல், சுபமான முடிவு கேட்கிற மடையர்களுக்காக இதோ என்று ஒன்றைத் தருகிறார். இனிமையாக இசை எழுகிறது. அன்பே, என்னை மணந்துகொள்வாயா என்று சீகூனுக்குக் குரல் தந்த ஹாரி சீகோம்ப் உருகிக் கேட்கிறார். மணந்துகொள்கிறேன் அன்பே என்று பதில் வருகிறது. சொல்வது இன்னொரு நடிகரான பீட்டர் செல்லர்ஸ், மேஜர் பிளட்நாக் என்ற கிழட்டு ராணுவ அதிகாரியின் கரகரத்த குரலில்.