பழைய இரும்பு இன்ஜினுக்கு ஒரு டர்போ

நேயர்களுக்கு வணக்கம். ரெனோ 5 ஜிடி டர்போ என்ற பிரெஞ்சுக் கார் 1985-இல் வந்தது. எடை சுமார் 830 கிலோ, சக்தி 115 குதிரைத்திறன். அந்தக் காலத்துச் சின்ன காருக்கு இது மிரட்டல்தான்.

ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் ஏமாற்றம். உள்ளே இருப்பது 1962-இல் ரெனோ கொண்டுவந்த வார்ப்பிரும்பு இன்ஜினின் வாரிசு. வால்வுகளை இயக்கப் பழைய புஷ்ராட் என்ற தள்ளுகம்பிகள், பெட்ரோலைக் காற்றோடு கலக்க ஒரே ஒரு கார்புரேட்டர். போட்டியாக நின்ற பியூஜோ 205 ஜிடிஐ காரிலோ அலுமினிய இன்ஜினும், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனும் இருந்தன.

இந்தப் பழைய இன்ஜினில், காற்றை அழுத்தித் திணித்துச் சக்தி கூட்டும் டர்போவைப் பொருத்திய ரெனோவின் துணிச்சலுக்கு அடித்தளம் பந்தயக் களம். 1977-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன்னுக்கு முதன்முதலாக டர்போவைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். முதலில் அது அடிக்கடி புகைந்து நின்றது. ஆங்கிலேயர் 'மஞ்சள் டீப்பாட்' என்று கேலி செய்தார்கள். 1979-இல் பிரான்ஸின் டிஜோனில் அதே டர்போ ஜெயித்தது. அடுத்த ஆண்டே, பின்சீட்டைத் தூக்கிவிட்டு அங்கே இன்ஜினை வைத்த ரெனோ 5 டர்போ விற்பனைக்கு வந்தது. ஜிடி டர்போவைப் போலவே அதன் இன்ஜினும் 1397 சிசிதான். டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4 ஆல் பெருக்க வேண்டும் என்பது அன்றைய பந்தய விதி. பெருக்கிப் பாருங்கள்: 1956. இரண்டு லிட்டர் பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது!

ஜிடி டர்போவில் அந்த இன்ஜின் முன்பக்கம் வந்தது. புகைபோக்கிக்குப் போகும் வாயு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தும். சூடேறிய அந்தக் காற்று இன்டர்கூலரில் தணிந்து, கார்புரேட்டருக்குள் அழுத்தத்தோடு நுழையும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. டர்போ விழித்துக்கொண்டால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

தொல்லை, வெப்பம். வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அதற்காகவே, சாவியை எடுத்த பிறகும் கார்புரேட்டர்மேல் காற்றடிக்க ஒரு தனி மின்விசிறி வைத்தார்கள். எனக்கு இது ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் படுகிறது. தினசரி ஓட்ட பியூஜோவையே எடுப்பேன்.

இருந்தாலும் 1989-இல் ஐவரி கோஸ்ட் ராலியில் பிரெஞ்சு ஓட்டுநர் அலேன் ஒரேய் இந்தக் காரில்தான் முதலிடம் பிடித்தார். பெரிய அணிகள் பெரும்பாலும் ஒதுங்கிய பந்தயம் என்பது உண்மைதான். ஆனாலும், கடையில் விற்கும் காருக்கு மிக நெருக்கமான குரூப் என் வகைக் கார் ஒன்று உலக ராலி சாம்பியன்ஷிப் பந்தயத்தை ஒட்டுமொத்தமாக வென்றது அந்த ஒருமுறைதான்.