கடலோரச் சீனக் கடையில நண்டு, மீன்: தொட்டியிலேர்ந்து பில் வரைக்கும்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் பக்கம் நின்னு பேசறேன், காத்து இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா, இல்ல வீட்ல ஒரு பிறந்தநாள்னா, "கடலோரமா போய் நண்டு சாப்பிடலாம்"னு நம்ம ஆளுங்க கெளம்பிடுவாங்க. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி வில்லேஜ், பொங்கோல் பாயிண்ட், படகு ஏறினா உபின் தீவு. எங்க போனாலும் அந்தச் சாப்பாட்டோட தலையெழுத்து மீன் தொட்டி முன்னாடி நிக்கிற அஞ்சு நிமிஷத்துலயே முடிஞ்சிடும். அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

மெனுவுல நண்டுக்கு நேரா பெரும்பாலும் விலை இருக்காது, "சீசனல் பிரைஸ்"னு போட்டிருக்கும். வரத்தைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். சீனப் புத்தாண்டு சமயத்துல நல்லா ஏறும். நண்டு பொதுவா கிலோ கணக்கு. மீன், இறால் பல கடைகள்ல 100 கிராம் கணக்கு. இங்கதான் தடுமாறுறாங்க. போர்டுல 8 வெள்ளி, அதாவது 8 சிங்கப்பூர் டாலர்னு பாத்துட்டு மீனே 8 வெள்ளின்னு நினைச்சுடுறாங்க. 100 கிராம் 8 வெள்ளின்னா, 800 கிராம் மீன் 64 வெள்ளி. ஆர்டர் எடுக்கிற ஆன்ட்டிகிட்ட மூணு கேள்வி கேளுங்க: கிலோ எவ்வளவு, இந்த நண்டு என்ன எடை, மொத்தம் எவ்வளவு வரும். கூச்சமே வேண்டாம். பக்கத்து மேசைச் சீனக் குடும்பமும் இதையேதான் கேக்கும். வாணலிக்குப் போனப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

எடைங்கறது உயிரோட, ஓட்டோட இருக்கிற எடை. கொடுக்கைக் கட்டியிருக்கிற கயிறும் அதுல சேரலாம். மெல்லிசுக் கயிறுன்னா ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்ச தடிமன் கயிறுன்னா, அது எடையில சேருதான்னு கேட்டுடுங்க. ஒரு கிலோ நண்டு ரெண்டு பேருக்கு நிறைவா இருக்கும், மத்த அயிட்டம் இருந்தா மூணு பேர் சாப்பிடலாம்.

இங்க சில்லி கிராப்புக்கு, அதாவது மிளகாய் சாஸ்ல பிரட்டற நண்டுக்கு, போடறது சேத்து நண்டு. ஸ்ரீலங்கா நண்டுன்னு தனியா எழுதியிருந்தா அதுவும் இந்த வகைதான், சதைக்குப் பேர் போனது. கையில எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அளவுக்குத் தகுந்த கனம் இருக்கணும். பெருசா இருந்து லேசா இருந்தா, சமீபத்துல ஓடு உரிச்ச நண்டா இருக்கலாம். புது ஓடு பெருசா இருக்கும், உள்ள சதை இன்னும் நிறைஞ்சிருக்காது, உடைச்சா தண்ணிதான் ஊத்தும். வயித்து மடிப்பைப் பாருங்க: ஒடுங்கின முக்கோணம்னா ஆண், அகலமா வளைஞ்சிருந்தா பெண். கொடுக்குச் சதை வேணும்னா ஆண் நண்டு, முட்டை வேணும்னா பெண் நண்டு. காலும் கண்ணும் அசையணும். செத்த நண்டோட சதை சீக்கிரம் குழைஞ்சு வாடை அடிக்கும், எவ்வளவு சாஸ் போட்டாலும் மறையாது.

இப்ப சில்லி கிராப். 1950கள்ல சேர் யாம் தியான்ங்கற அம்மா தள்ளுவண்டியில வித்ததுதான் இதோட தொடக்கம்னு சொல்லுவாங்க. அப்புறம் 1963ல டிராகன் ஃபீனிக்ஸ் உணவகத்தைத் தொடங்கின ஹூய் கோக் வை, முட்டையும் சம்பால்ங்கற மிளகாய் விழுதும் சேர்த்து இன்னிக்கு நாம சாப்பிடற கெட்டி சாஸுக்கு உருவம் கொடுத்தார். பேர்ல சில்லி இருக்கேன்னு பயப்பட வேண்டாம், நம்ம நாக்குக்கு இது இனிப்பு, புளிப்புதான் முந்தும். மிளகாய், பூண்டு, இஞ்சி அரைச்ச விழுது, தாவ்சியோங்கற சோயா புளிச்ச பேஸ்ட், தக்காளி சாஸ், ஸ்டாக்ங்கற வேகவெச்ச சாறு. மாவு கரைச்சு ஊத்தி, தீயைக் குறைச்சு, கடைசியில முட்டை. அந்த முட்டைதான் பரீட்சை. நல்ல சாஸ்ல அது மெல்லிசு நூல் நூலா ஓடும், கரண்டியைச் சாய்ச்சா மெதுவா வழியும். கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டாங்கன்னா கட்டி கட்டியா ஆம்லெட் துண்டு மாதிரி கிடக்கும். நண்டு விடற தண்ணியைக் கணக்குல எடுக்காம மாவு குறைவா போட்டா, மேசைக்கு வந்த பத்து நிமிஷத்துல சாஸ் நீர்த்துடும்.

தட்டு வந்ததும் கொடுக்கைத் திருப்பிப் பாருங்க. சமையலறையிலேயே அதோட ஓட்டுல விரிசல் விட்டிருக்கணும், அப்பதான் சாஸ் உள்ள இறங்கும். விரிசல் இல்லன்னா தட்டித்தரச் சொல்லுங்க. வீட்ல மாதிரி பல்லால கடிக்காதீங்க, இந்த ஓடு பல்லைப் பேத்துடும். கொடுக்கை மூட்டு மூட்டா ஒடிச்சு, அப்புறம் கிராக்கரை, அதான் ஓடு உடைக்கிற இடுக்கியை, வைங்க. மேல் ஓட்டுக்குக் கீழ சாம்பல் நிறத்துல விரல் மாதிரி இருந்தா அது செவுள், எடுத்துப் போட்டுடுங்க.

பொரிச்ச மந்தோ பன் நண்டு வந்தப்புறம் வரட்டும்னு சொல்லிடுங்க. முன்னாடியே வந்தா ஆறி ரப்பராயிடும். சூடா இருக்கும்போது வெளிய மொறுமொறுன்னும் உள்ள பஞ்சாவும் இருக்கும், அந்த நேரத்துல சாஸ்ல முக்கணும்.

மேசையில காரம் ஒத்துக்காதவங்க இருந்தா மிளகாய் போடாம சீரியல் இறால் கேட்டு வாங்குங்க. ஓட்ஸ் துகளோட கருவேப்பிலை வறுத்துப் போட்டிருப்பாங்க, நம்ம பெரியவங்களுக்கு அந்த வாசனை உடனே பிடிச்சுப் போகும்.

மீன் அவிச்சு வாங்கறதா இருந்தா ரெண்டு பாணி இருக்கு. தியோசியூ பாணியில புளிச்ச பிளம், உப்புக் கீரை, தக்காளி, இஞ்சி போட்டு ரசம் மாதிரி லேசான புளிப்பு வரும், வவ்வாலுக்கு அருமை. காண்டனீஸ் பாணியில சோயா சாஸ், வெங்காயத்தாள், மேல சுடச்சுட எண்ணெய், கொடுவாவுக்கும் களவாவுக்கும் அது. 700 கிராம் மீன் பலமான ஆவியில எட்டுப் பத்து நிமிஷம்தான் தாங்கும். முதுகுத் தடிமன்ல ஸ்பூனை விடுங்க: சதை எலும்பை விட்டு வழுக்கிட்டு வந்து ஈரமா மின்னினா சரியா வெந்திருக்கு. சக்கை மாதிரி உதிர்ந்தா வேகவிட்டது அதிகம். ஒரு பக்கம் முடிஞ்சதும் மீனைப் புரட்டாதீங்க. படகு கவிழறதுக்குச் சமம்னு சீனப் பெரியவங்க நினைப்பாங்க. வால் பக்கத்துலேர்ந்து நடு முள்ளைத் தூக்கினா முழுசா வந்துடும், கீழ்ப்பக்கச் சதை தட்டுலயே இருக்கும்.

சைவக்காரங்க ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம் இது. சம்பால் கங்கோங்னா கீரைதானேன்னு நினைக்காதீங்க, அதுல பெலாச்சான்ங்கற இறால் விழுது, காஞ்ச இறால் இருக்கும். சாதாரணக் கீரைக்குக்கூட சிப்பி சாஸ் ஊத்துவாங்க. "ஸுவான் ரோங்"னா பூண்டு மட்டும் போட்டு வதக்கறது. அதைக் கேட்டு, சிப்பி சாஸும் கோழி ஸ்டாக்கும் வேண்டாம்னு தனியா சொல்லுங்க. "ச்சர் ஸு"ன்னா சைவம் சாப்பிடறேன்னு அர்த்தம். எக் டோஃபுல முட்டை உண்டு. அதே வாணலியிலதான் எல்லாமே புரளும், அது ஆகாதவங்க இங்க சாப்பிடாம இருக்கறதே நல்லது. மாட்டிறைச்சி ஒதுக்கறவங்க ஹோர் ஃபன்ங்கற அகல அரிசி நூடுல்ஸ் வாங்கும்போது எந்த இறைச்சின்னு கேட்டுக்குங்க. முஸ்லிம் நண்பர்களோட போனா முயிஸ்ங்கற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தோட ஹலால் சான்றிதழைத் தேடுங்க. "நோ போர்க், நோ லார்ட்"னு எழுதியிருக்கறது அதுக்கு ஈடாகாது, சமையல் ஒயின் இருக்கலாம்.

கடைசியா பில். உக்காந்ததுமே வேர்க்கடலையும் ஈரத்துண்டும் மேசைக்கு வரும். அதுக்கும் காசு. வேண்டாம்னா தொடாம அப்பவே திருப்பிக் குடுங்க. தேநீர் தலைக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா, 10 சதவீத சேவைக் கட்டணம், அதுக்கு மேல 9 சதவீத ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டா 110 ஆகி, அந்த 110க்கு வரி சேர்ந்து 119 வெள்ளி 90 காசு. மேசையில சொன்ன நண்டு எடையும் பில்லுல இருக்கிற எடையும் ஒண்ணான்னு பாத்துட்டுக் கார்டை நீட்டுங்க.

சாஸ் மிச்சம் இருந்தா விட்டுட்டு வராதீங்க. ஓடு இல்லாம சாஸை மட்டும் தபாவ், அதாவது பார்சல், பண்ணச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ்ல வைங்க. மறுநாள் நல்லா கொதிக்கவிட்டு மஞ்ச நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டினா ரெண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு ஆச்சு.