“மகள் பயோ எடுக்க மாட்டன் எண்டுறா”: ஏ லெவல் பாடத்தெரிவு பற்றி ஒரு தாயின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்வியளில முதல் இதை எடுக்கிறன். ஹரோவில இருந்து ஒரு அக்கா குரல்பதிவில அனுப்பியிருக்கிறா. சுருக்கிச் சொல்லுறன். மகள் இப்ப இயர் லெவன், ஜீசிஎஸ்ஈ சோதினை எழுதப்போற வருசம். ஜனவரியில பள்ளிக்கூடம் வைச்ச மொக், அதாவது மாதிரிச் சோதினையில (ஆகக்கூடின கிரேட் 9) ஹிஸ்டரிக்கு 8, இங்கிலிஷுக்கு 8, மட்ஸுக்கு 7, கெமிஸ்ரிக்கு 7, பயோலொஜிக்கு 6. தாயும் தகப்பனும் சிக்ஸ்த் ஃபோமில, அதாவது ஏ லெவல் படிக்கிற அடுத்த ரெண்டு வருசத்தில, பயோலொஜி, கெமிஸ்ரி, மட்ஸ் எடு எண்டுகினம். பிள்ளை ஹிஸ்டரி, இக்கொனொமிக்ஸ், மட்ஸ் எடுத்து, பிறகு லோ படிக்கப்போறன் எண்டு நிக்குது. “நாங்கள் ஊரில படிச்ச ஆக்கள், இஞ்சத்தைய முறை எங்களுக்கு வடிவா விளங்கேல்லை. அவளின்ர போக்கில விடுறதோ? சோதினை நேரம் நாங்கள் வீட்டில என்ன செய்யவேணும்?” இதுதான் கேள்வி.

அக்கா, முதல் பதிலைச் சொல்லுறன், பிறகு காரணத்துக்கு வாறன். அந்த மூண்டு பாடத்தையும் பிள்ளை எடுக்கட்டும். பிள்ளைக்காக விட்டுக்குடுக்கிறம் எண்டு நினைச்சுக்கொண்டு சம்மதிக்காதேங்கோ. உண்மையாவே நல்ல தெரிவு அது.

உங்களுக்கு ஏன் பயமாயிருக்கு எண்டு எனக்கு விளங்குது. ஊரில உயர்தரம் எண்டால் பிரிவு. மட்ஸ், பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ். பயோவுக்குப் போனால் பெரும்பாலும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எண்டு மூண்டும் சேர்ந்துதான் வரும். அதுக்கு மேல இசட் ஸ்கோர், மாவட்ட ஒதுக்கீடு. கெட்டிக்காரப் பிள்ளை ஆர்ட்ஸுக்குப் போனால் சனம் என்ன கதைக்கும் எண்டும் தெரியும். அந்தக் கணக்கை மனதில வைச்சுக்கொண்டுதான் எங்கட ஆக்கள் இஞ்சயும் பிள்ளையின்ர பாடத்தைப் பாக்கினம். இங்கிலாந்தில அப்பிடிப் பிரிவு கிடையாது. பள்ளிக்கூடத்தின்ர ரைம்ரேபிள் இடம் குடுத்தால் எந்த மூண்டு பாடத்தையும் சேர்க்கலாம். ஹிஸ்டரியோட மட்ஸ் எடுக்கிற பிள்ளையை ஒருத்தரும் விசித்திரமாப் பாக்கிறேல்லை.

ஆனபடியால் கம்பஸில இருந்து பின்னுக்கு வந்து பாக்கவேணும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம்? மெடிசின், டென்ரிஸ்ரி எண்டால் அனேகமா எல்லா இடமும் கெமிஸ்ரி கேப்பினம், கனக்க இடத்தில பயோலொஜியும் கேப்பினம். பார்மசிக்குக் கெமிஸ்ரி. இஞ்சினியரிங்குக்கு மட்ஸும் பிஸிக்ஸும். கொம்பியூட்டர் சயன்ஸுக்கு மட்ஸ்தான் முக்கியம், ஏ லெவலில கொம்பியூட்டர் சயன்ஸ் எடுக்காமலே கனபேர் போகினம். இக்கொனொமிக்ஸ் டிகிரிக்கு எல்எஸ்ஈ, கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்கள் மட்ஸைத்தான் கட்டாயம் எண்டு கேக்கும், இக்கொனொமிக்ஸைக் கேக்காது. இது தெரியாமல் மட்ஸை விட்டுப்போட்டு, ரெண்டு வருசத்துக்குப் பிறகு கவலைப்படுற பிள்ளையள் இருக்கினம். லோவுக்குக் கட்டாயப் பாடம் எண்டு ஒண்டும் இல்லை. ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், யூசிஎல், எல்எஸ்ஈ போல இடங்களுக்கு எல்நாட் எண்டொரு சோதினை இருக்கு. பந்தியை வாசிச்சு விளங்கிறதும், கட்டுரை எழுதுறதும்தான் அதில வரும். ஹிஸ்டரி படிச்ச பிள்ளைக்கு அது கைவந்த வேலை. சொலிசிட்டரா வாறதுக்கு லோ டிகிரிதான் வேணும் எண்டும் இல்லை. 2021 இல எஸ்கியூஈ எண்ட சொலிசிட்டர் தகுதிச் சோதினை வந்த பிறகு வேற டிகிரி முடிச்ச ஆக்களும் அந்தச் சோதினை எழுதி, ரெண்டு வருச வேலை அனுபவத்தோட வரலாம்.

இந்த விவரம் எல்லாம் ஒவ்வொரு கம்பஸின்ர இணையத்தளத்திலயும் ஒவ்வொரு படிப்புக்குக் கீழயும் கிடக்கு. முந்தி ரஸல் குரூப் எண்ட பேர்பெற்ற கம்பஸுகளின்ர கூட்டமைப்பு ஒரு பட்டியல் வைச்சிருந்தவை, இன்ன பாடங்கள் எடுத்தால் கதவு கனக்கத் திறக்கும் எண்டு. 2019 இல அதைக் கைவிட்டிட்டினம். இப்பவும் சில பெற்றோர் அந்தப் பழைய பட்டியலைத் தங்களுக்குள்ள அனுப்பிக்கொண்டு இருக்கினம். அதைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ.

ஒண்டை மறைக்காமல் சொல்லவேணும். உங்கட மகள் கெமிஸ்ரியை விட்டால் மெடிசின் அனேகமா மூடுப்படும். சயன்ஸ் எடுக்காத பிள்ளையளுக்கெண்டு ஒரு வருசம் கூட்டி மெடிசின் படிப்பிக்கிற இடங்கள் இருக்கு, ஆனால் இடம் சரியான குறைவு. அதால பிள்ளையை இருத்தி ஒருக்கா நேரா கேளுங்கோ: “இந்தக் கதவு மூடுப்படுறது உனக்குச் சரியோ?” ஓம் எண்டு தெளிவாச் சொன்னால் அதோட விடுங்கோ. பயோலொஜியில 6 எடுத்த, அந்தப் பாடம் பிடிக்காத பிள்ளையை ரெண்டு வருசம் பயோலொஜியில இருத்தினால், கிடைக்கப்போற கிரேட் மெடிசினுக்கும் காணாது, லோவுக்கும் காணாது. ரெண்டும் இல்லாமல் போகும்.

நாலு பாடம் எடுக்கட்டோ எண்டும் பெற்றோர் கேக்கிறவை. ஃபேர்தர் மட்ஸ் எடுக்கிற பிள்ளையைத் தவிர மற்ற ஆக்களுக்கு வேண்டாம். கம்பஸ் ஒஃபர் மூண்டு பாடத்துக்குத்தான் வரும். நாலு பி கிரேடை விட மூண்டு ஏ கிரேட் எவ்வளவோ மேல்.

மட்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனம். ஜீசிஎஸ்ஈயில 7 எண்டால் முழுப் பாடமும் கைக்குள்ள எண்டு அர்த்தம் இல்லை. அந்த மொக் பேப்பரை வாங்கி எந்தக் கேள்வியில மார்க்ஸ் போனது எண்டு பாருங்கோ. அல்ஜிப்ராவில போயிருந்தால் ஜூனில சோதினை முடிஞ்ச பிறகு வாற லீவில அதைத் திருத்தவேணும். இருபடிச் சமன்பாடு, சுட்டி, சேர்ட்ஸ் (மூலக்குறியோட வாற எண்கள்), சூத்திரத்தை மாத்தி எழுதுறது, இதெல்லாம் இயர் ட்வெல்வின்ர முதல் கிழமையிலயே தெரிஞ்ச விசயமா எடுத்துக்கொண்டுதான் ரீச்சர்மார் படிப்பிக்கத் தொடங்குவினம். லீவில நாளுக்கு அரை மணித்தியாலம் காணும். ரியூசன் தேவையில்லை, ஜீசிஎஸ்ஈ புத்தகத்தின்ர கடைசி அதிகாரங்களே போதும்.

இப்ப நான் உண்மையாச் சொல்ல வந்த விசயத்துக்கு வாறன். நீங்கள் பாடத்தைப் பற்றிக் கவலைப்படுறியள். நான் கவலைப்படுறது இயர் ட்வெல்வைப் பற்றி. எங்கட வீடுகளில ஜீசிஎஸ்ஈ முடிஞ்ச உடன எல்லாரும் மூச்சு விடுவினம். ஏ லெவல் சோதினைக்கு ரெண்டு வருசம் கிடக்குதானே எண்டு நினைப்பு. 2015 இல இருந்து இங்கிலாந்தில ஏ லெவலைப் படிப்படியா மாத்திப்போட்டினம். முந்தி இயர் ட்வெல்வ் முடிவில ஏஎஸ் எண்ட முதல் வருசச் சோதினை எழுதினால் அந்த மார்க்ஸ் ஏ லெவலோட சேரும். இப்ப ரெண்டு வருசப் படிப்பும் கடைசியில ஒரேயடியா வரும். வேல்ஸிலயும் வட அயர்லாந்திலயும் ஏஎஸ் இன்னும் சேருது, ஸ்கொட்லாந்தில முறையே வேற, அதால அங்க இருக்கிற சொந்தக்காரர் சொல்லுறதை இஞ்ச பொருத்திப் பாக்காதேங்கோ.

சோதினை கடைசியில எண்டாலும் பிள்ளையின்ர கம்பஸ் பாதை அதுக்கு ஒரு வருசம் முந்தியே முடிவாகத் தொடங்குது. இயர் ட்வெல்வ் கோடையில பள்ளிக்கூடம் ஒரு மொக் வைக்கும். அந்த மார்க்ஸையும் வகுப்பு வேலையையும் பாத்துத்தான் ரீச்சர்மார் பிரெடிக்டட் கிரேட், அதாவது ஏ லெவலில இன்ன கிரேட் எடுக்கும் எண்ட கணிப்பு, குடுக்கினம். கம்பஸ் அந்தக் கிரேடைப் பாத்துத்தான் ஒஃபர் குடுக்கும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் மெடிசினுக்கும் யூகாஸ் (கம்பஸ் விண்ணப்பங்களை எடுக்கிற பொது அமைப்பு) விண்ணப்பம் இயர் தேர்ட்டீன் ஒக்ரோபர் 15 க்கு முந்திப் போகவேணும். மற்ற ஆக்களுக்கு ஜனவரி. அந்தந்தப் பள்ளிக்கூடம் தனக்கெண்டு இன்னும் முந்தின திகதி வைச்சிருக்கும். அப்ப கணக்குப் பாருங்கோ: பிள்ளை நித்திரையால எழும்பி ஓடத் தொடங்குறது இயர் தேர்ட்டீன் கிறிஸ்மஸுக்குப் பிறகு எண்டால், பிரெடிக்டட் கிரேட் எப்பவோ போயிட்டுது. விண்ணப்பத்தோட பிள்ளை தன்னைப் பற்றி எழுதுற பெர்சனல் ஸ்டேட்மென்றும் மாறியிருக்கு. 2026 இல கம்பஸுக்குப் போற பிள்ளையளில இருந்து அது ஒரே கட்டுரை இல்லை, மூண்டு கேள்வி. ஏன் இந்தப் பாடம், படிப்பு உன்னை எப்பிடித் தயார்படுத்திச்சுது, படிப்புக்கு வெளியில என்ன செய்தனீ எண்டு கேக்கினம். இதுக்கு எழுத ஏதாவது இருக்கவேணும் எண்டால் அதையும் இயர் ட்வெல்விலதான் செய்திருக்கவேணும். நீதிமன்றத்தில பொதுமக்கள் இருந்து பாக்கிற இடத்தில ஒருநாள் போயிருந்து வழக்குப் பாத்தாலே லோ படிக்கப்போற பிள்ளைக்கு எழுத விசயம் கிடைக்கும். அதுக்குக் காசும் இல்லை, ஆளைத் தெரிஞ்சிருக்கவும் தேவையில்லை.

இயர் ட்வெல்வில பிள்ளை மத்தியானமே வீட்டுக்கு வந்து நிக்கும். சில வீடுகளில இது பெரிய சண்டை. ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு நாலோ அஞ்சோ மணித்தியாலம்தான் வகுப்பு, மிச்சம் ஃப்ரீ பீரியட். பொய் சொல்லிப்போட்டு வரேல்லை. ஆனால் அந்த நேரம் ஓய்வு நேரமும் இல்லை. வகுப்பில இருந்த அளவுக்குத் தானா இருந்து படிக்கவேணும் எண்டுதான் பள்ளிக்கூடம் எதிர்பாக்குது. ஹிஸ்டரிக்கு 20 சதவீதம் கோர்ஸ்வேர்க், சோதினை மண்டபத்துக்கு வெளியில செய்து குடுக்கிற வேலை. அது ஆயிரக்கணக்கான சொல்லில ஒரு கட்டுரை. அதைக் கடைசிக் கிழமையில எழுத ஏலாது. உங்கட வேலை பாடத்தைச் சொல்லிக்குடுக்கிறது இல்லை அக்கா. “இண்டைக்கு ஃப்ரீ பீரியடில என்ன செய்தனீ?” எண்டு ஏசாமல், வழமையாக் கேக்கிறது. பதில் ஒரு வசனமா வந்தாலும் காணும்.

முதல் ஆறு கிழமை முக்கியம். பாடம் பொருந்தேல்லை எண்டால் செப்டெம்பருக்குள்ள, பிந்தினால் ஒக்ரோபர் தொடக்கத்துக்குள்ள மாத்த அனேக பள்ளிக்கூடம் விடும். அதுக்குப் பிறகு கஷ்டம். பேரண்ட்ஸ் ஈவினிங் எண்டால் கட்டாயம் போங்கோ. இங்கிலிஷ் கஷ்டம் எண்டால் ஒரு சொந்தக்காரரையோ சிநேகிதரையோ கூட்டிக்கொண்டு போங்கோ, பள்ளிக்கூடத்திட்ட மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமோ எண்டும் கேட்டுப்பாருங்கோ. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. தன்னைப் பற்றின குறையைத் தானே தாய்க்குச் சொல்லவேண்டி வாறது எந்தப் பிள்ளைக்கும் சரியான வேதனை.

சோதினைக் காலத்துக்கு வாறன். முதல் வேலை, சோதினை நடத்துறது எந்தப் போர்ட் எண்டு தெரிஞ்சுகொள்ளுறது. ஏக்யூஏயோ, எட்எக்ஸலோ, ஓசிஆரோ. அந்தந்தத் தளத்தில பழைய பேப்பர், மார்க் ஸ்கீம் (மார்க்ஸ் போடுற முறை), பரீட்சகர் அறிக்கை எல்லாம் கிடக்கு. அறிக்கையைப் பிள்ளையள் வாசிக்கிறதே இல்லை. பிள்ளையள் எந்த இடத்தில வழமையாப் பிழை விடுகினம் எண்டு அதில எழுதியிருக்கும். நீங்கள் பேப்பரை பிரிண்ட் எடுத்துக் குடுங்கோ, மணிக்கூட்டைப் பாத்து ரெண்டு மணித்தியாலம் வீட்டைச் சத்தமில்லாமல் வைச்சிருங்கோ. மட்ஸ் பேப்பர் ஒவ்வொண்டும் ரெண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரம் இருந்து எழுதிப் பழகாத பிள்ளைக்கு சோதினை மண்டபத்தில கடைசி அரை மணித்தியாலம் கை ஓடாது.

மே, ஜூன் எங்கட ஆக்களுக்கு சாமத்தியவீடும், கலியாணமும், பிறந்தநாளும் வாற காலம். அந்த ரெண்டு மாசம் பிள்ளை வராது எண்டு முன்கூட்டியே சொல்லிப்போடுங்கோ. ஆரும் கோவிச்சால் கோவிக்கட்டும். அங்க போய் இருந்துகொண்டு மற்றப் பிள்ளை என்ன கிரேட், எந்தக் கிராமர் ஸ்கூல் எண்டு கேட்டுக்கொண்டு வந்து பிள்ளைக்குச் சொல்லவும் வேண்டாம். ஊருக்குப் போக ரிக்கெட் போடுறதெண்டால் ஜூன் கடைசியில வாற கொண்டிஞ்சன்சி டே எண்ட மாற்று நாள் முடிஞ்ச பிறகு போடுங்கோ. சோதினை ஏதும் தடைப்பட்டால் அண்டைக்கு மாத்தி வைப்பினம், பிள்ளை நாட்டில நிக்கவேணும். போன், ஸ்மார்ட் வோட்ச் மண்டபத்துக்குள்ள போகக்கூடாது. சட்டைப்பையில நிப்பாட்டி வைச்சிருந்தாலும் பிழைதான், அந்தப் பேப்பரே இல்லாமல் போகலாம்.

பேப்பர் முடிஞ்சு வாற பிள்ளையிட்ட எந்தக் கேள்விக்கு என்ன எழுதினனீ எண்டு கேக்கவேண்டாம். சாப்பாடு குடுங்கோ, நித்திரை கொள்ள விடுங்கோ. அடுத்த பேப்பர் எப்ப எண்டு மட்டும் தெரிஞ்சிருங்கோ. பிள்ளை சாப்பிடுறேல்லை, இரவில நித்திரை இல்லை, தனக்கு இருக்க விருப்பமில்லை எண்ட மாதிரிக் கதைக்குது எண்டால் சோதினை முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. ஜீபீயிட்ட, குடும்ப டொக்டரிட்டப் போங்கோ, பள்ளிக்கூடத்துக்கும் சொல்லுங்கோ. பிள்ளை ஆரோடயாவது தனியக் கதைக்க விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111, சமரிட்டன்ஸ் 116 123. ரெண்டும் இலவசம், எந்த நேரமும் எடுக்கலாம். உடன ஆபத்து எண்டால் 999. இதை நான் சும்மா சேர்த்துச் சொல்லேல்லை. எங்கட வீடுகளில இதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு எண்டதாலதான் சொல்லுறன்.

கடைசியா ஒரு சின்ன விசயம், கனபேருக்குக் காசு நிண்டுபோற விசயம். பிள்ளைக்கு 16 வயது ஆன பிறகு வாற ஓகஸ்ட் 31 ஓட பிள்ளைக்கெண்டு அரசாங்கம் தாற சைல்ட் பெனிஃபிட் நிண்டுபோகும், பிள்ளை தொடர்ந்து படிக்குது எண்டு நீங்கள் எச்எம்ஆர்சி எண்ட வரித் திணைக்களத்துக்கு அறிவிக்காட்டி. அவை கடிதம் அனுப்புவினம், அதைக் குப்பையில போடாமல் பதில் போடுங்கோ. வருமானம் குறைவு எண்டால் சிக்ஸ்த் ஃபோமில பேர்சரி எண்டொரு உதவியும் இருக்கு. பஸ் காசு, புத்தகக் காசு மாதிரிச் செலவுக்கு. சேரப்போற நாளிலயே கேளுங்கோ. சரி அக்கா, அடுத்த கேள்வி குரொய்டனில இருந்து, பிரெடிக்டட் கிரேட் குறைஞ்சுபோன ஒரு பிள்ளையைப் பற்றி.