பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வருகிறேன். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் ஊர் பிடிபடும். 1917-இல் இந்த மலேசிய நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. செம்பனைக்குப் பேர்போன அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! அந்தக் கதையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

நான் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரெசராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் மருத்துவ உதவியாளராக, இருந்தவன். தியானத்தைப் பற்றிப் பேச சாமியாரை விட்டுவிட்டு டிரெசரைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் எனக்குத் தெரிந்த தியானம் பிரஷர் மிஷின் பக்கத்தில்தான் ஆரம்பித்தது.

ரத்தக் கொதிப்பு பார்க்க ஒரு முறை உண்டு. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அப்புறம்தான் கையில் பட்டையைக் கட்ட வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் 10 புள்ளி வரைகூட ஏற்றிக் காட்டும். கேட்பதற்குச் சுலபம்தான். என் மருந்தகத்து பெஞ்சில் அந்த ஐந்து நிமிடத்தை முழுசாக உட்கார்ந்து முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் வருவார். "அக்கா, அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க" என்பேன். "சும்மாதானே ஐயா இருக்கேன்" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் மகன் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டாத கதை ஆரம்பித்துவிடும். அதிலிருந்து மருமகள், மருமகளிலிருந்து கூரை ஒழுகல். ஒரு நாள் மேல் எண் 168 காட்டியது. எழுதி வைத்துவிட்டு, "இப்ப கண்ணை மூடிக்கிட்டு மூச்சு போயிட்டு வர்றதை மட்டும் பாருங்க, நான் மருந்து கட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் 146. "என்ன ஐயா, மிஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. 146-ம் கூடுதல்தான், மாத்திரை தேவைதான், அதில் மாற்றமில்லை. மீதி 22 புள்ளி எங்கே போனது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

தோட்டத்து மருத்துவமனைக்கும் தியானத்துக்கும் பழைய சொந்தம் ஒன்று இருக்கிறது. பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு ஜொகூருக்கு மாறினார். பத்து வருஷம் இங்கே நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, 1923-இல் ஊர் திரும்பி, மறு வருஷம் ரிஷிகேசத்தில் துறவியானார். அவர்தான் சுவாமி சிவானந்தர். அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு இன்றைக்குப் பத்துமலையில் ஆசிரமம் இருக்கிறது. மருந்து கட்டுகிற எங்கள் வர்க்கத்துக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

எனக்குக் கவனம் என்றால் என்னவென்று காட்டியது என் அம்மாதான். அவர் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்கினவர். பள்ளி விடுமுறையில் நானும் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பின்னாலேயே போவேன். முந்தின வெட்டில் காய்ந்திருந்த பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியை இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுப்பார். சீவி வருகிற பட்டை காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மேலாக வெட்டினால் பால் வராது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடம் பிற்பாடு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அங்கே மறுபடி கத்தி வைக்க முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். பால் கோட்டில் ஓடி மங்குக் கிண்ணத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டதும் அடுத்த மரம். 300 மரத்துக்கு மேல். நடுவில் நான் ஏதாவது கேட்டால் பதில் வராது, கத்தியை மரத்திலிருந்து எடுத்த பிறகுதான் "என்னடா?" என்பார்.

அம்மாவிடம் போய் அது தியானம் என்று சொல்லியிருந்தால் அடித்தே இருப்பார். அது வேலை, அதுவும் வயிற்றுக்கான வேலை. இடுப்பு வலியும் கொசுக்கடியும் அதில் சேர்த்தி. அதனால் பழைய தோட்ட வாழ்க்கையைப் புனிதமாக்க நான் வரவில்லை. கை எங்கே இருக்கிறதோ மனசும் அங்கேயே இருப்பது மட்டும் எனக்கு அங்கே தெரிந்த விஷயம்.

சரி, எப்படிச் செய்வது? முதுகை நேராக வைத்து நாற்காலியிலேயே உட்காருங்கள். சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், போய்வருவதைக் கவனித்தால் போதும். மூன்றாவது மூச்சுக்குள் மனசு பாசாருக்குப் போய்விடும். போனது தெரிந்ததும் திட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். மறுபடி போகும், மறுபடி கூட்டிக்கொண்டு வாருங்கள். "எனக்கு மனசு அடங்கவே இல்லை, தியானம் ஒத்துவரல" என்று சொல்லுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டி வருகிற வேலைதான் பயிற்சியே. திருமந்திரத்தில் இழுக்க 16, பிடிக்க 64, விட 32 என்று மூச்சுக்குக் கணக்கு இருக்கிறது. அது குரு பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டியது. 64 வரை மூச்சைப் பிடித்துத் தலைசுற்றி என்னிடம் வந்த இளைஞனும் உண்டு.

இன்னொன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, இரண்டு விரல் வைத்து நாடி பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மெதுவாக விடும்போது தளரும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. மூச்சை நீட்டி விட்டால் உடம்பு ஏன் இளகுகிறது என்பதற்கு விளக்கம் உங்கள் விரல் நுனியிலேயே கிடைக்கிறது. வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும்; என் பேரனுக்குத் தெளிவாகத் தெரிந்தது, எனக்குத் தேட வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பகாங் மாநிலத்தில் கம்பாங் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் விபாசனா தியான மையத்துக்குப் பத்து நாள் போனேன். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் கொடுக்கிற நன்கொடையில் நடக்கிறது. பேசக் கூடாது, கைப்பேசி கூடாது. முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும்தான் பார்க்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு மணி அடித்தார்கள் பாருங்கள், எனக்கு அது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டு மணிதான்! தூக்கத்தில் அம்மாவின் வாளியைத் தேடினேன். மூன்றாம் நாள் முழங்கால் வலியில், யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோன கோயங்கா பர்மாவில் பிறந்த வியாபாரி. தீராத தலைவலிக்காகத்தான் முதலில் ஊ பா கினிடம் போனார். அவரோ பர்மாவின் தலைமைக் கணக்காளர், நம் பாஷையில் பெரிய கிராணி. தலைவலிக்கு மருந்து தேடி வந்தால் இங்கே இடமில்லை என்று முதலில் திருப்பிவிட்டாராம். அமெரிக்காவில் 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் நேர் எதிராகச் செய்தார்: வைத்தியத்துக்கு அடங்காத வலிக்காரர்களையே கூப்பிட்டு, மருத்துவக் கல்லூரியில் வாரக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேரில் யார் பக்கம் என்று கேட்டால், டிரெசர் என்பதால் நான் இரண்டாமவர் பக்கம்.

ஆனால் ஒன்று. தியானம் செய்கிறேன் என்று பிரஷர் மாத்திரையையோ இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு வாய் கோணி வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவன் நான். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று இருப்பவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வதும் தப்பு. சிலருக்கு இருட்டு கூடிவிடும். அவர்களை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண்ணுக்காவது கூப்பிடுங்கள். அப்புறம், ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு, 800 வெள்ளி (ரிங்கிட்), மனசு மாறிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த வெள்ளியில் கூரையை மாற்றுங்கள். மனசும் கொஞ்சம் மாறும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை முடிந்ததும் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பத்துப் பேர் உட்காருகிறோம். உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவும் வருகிறார், இன்னும் பேசிக்கொண்டுதான் உட்காருகிறார். மிஷினும் கொண்டு வருவேன். கோப்பி குடித்த கையோடு வராதீர்கள், அரை மணி நேரமாவது கழியட்டும், இல்லாவிட்டால் மிஷின் கூட்டித்தான் காட்டும். வணக்கம்.