2 நொடி வேலை: அமெரிக்க ஃபுட்பால்ல பன்ட்டர் என்ன பண்றார்?

[திரை: நியூ ஜெர்சி, நியூ மெடோலண்ட்ஸ் மைதானம். 19 டிசம்பர் 2010. ஸ்கோர் 31–31. கடிகாரத்தில் 14 நொடி.]

பந்து நியூயார்க் ஜயன்ட்ஸ்கிட்ட இருக்கு. எதிர்ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். இந்த 14 நொடியைத் தாண்டிட்டா ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிடும். ஜயன்ட்ஸோட பன்ட்டர் மாட் டாட்ஜ், அவருக்கு அது முதல் சீசன். கோச் டாம் காஃப்லின் சொல்லி அனுப்பினது ஒண்ணே ஒண்ணு: பந்தைக் கோட்டுக்கு வெளிய உதைச்சிடணும், ஈகிள்ஸோட டிஷான் ஜாக்சன் கைக்கு மட்டும் போகக் கூடாது.

ஸ்னாப், அதாவது பன்ட்டருக்குப் பின்னாடி வீசுற பந்து, கொஞ்சம் உயரமா வந்தது. உதை தாழ்வா, நேரா ஜாக்சன்கிட்டயே போச்சு. ஜாக்சன் கையில பந்து நழுவி விழுந்துச்சு. மறுபடி எடுத்தார். 65 யார்டு ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். 38–31. அந்த வருஷம் 16 ஆட்டத்துல 10 ஜெயிச்சும் ஜயன்ட்ஸ் பிளேஆஃபுக்குப் போகல.

அந்த உதையில என்ன தப்புன்னு தெரியணும்னா, முதல்ல பன்ட்டருக்கு என்ன வேலைன்னு தெரியணும்.

[திரை: மைதானத்தின் மேல்பார்வைப் படம். 100 யார்டு நீளம், 53 யார்டு சொச்சம் அகலம்.]

ஒரு அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. மூணு வாய்ப்புலயும் முடியலைன்னா நாலாவதுல முட்டிப்பார்க்கலாம். ஆனா தோத்தா, நின்ன இடத்துலயே பந்து எதிரணிக்குப் போயிடும். அதனால பெரும்பாலும் பன்ட்டரைக் கூப்பிடுவாங்க. அவர் பந்தைக் கையில இருந்து விட்டு, தரையில படறதுக்கு முன்னாடியே உதைச்சு எதிரணிக்கு அனுப்புவார். பந்து எப்படியும் கைமாறத்தான் போகுது. எந்த இடத்துல கைமாறணும்ங்கிறதை முடிவு பண்றதுதான் பன்ட்டரோட தொழில்.

இப்போ கடிகாரத்தைப் பாருங்க. பன்ட்டர் நிக்கிறது ஸ்னாப் பண்றவருக்கு 15 யார்டு பின்னாடி. கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு, அதுல மூணுல ரெண்டு பங்கு தூரம்னு வெச்சுக்கலாம். லாங் ஸ்னாப்பர் குனிஞ்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல பின்னாடி வீசுற பந்து பன்ட்டர் கைக்கு வர சுமார் 0.8 நொடி. கையில இருந்து காலுக்கு இன்னொரு 1.3 நொடி. மொத்தம் 2.1. அதைத் தாண்டினா, கையை நீட்டிக்கிட்டு ஓடி வர்றவங்க பந்தை மறிச்சிடுவாங்க. ஸ்னாப் ஒரு அடி உயரமா வந்தாலே பிடிக்கிறதுல நேரம் போகும், அந்த நேரத்தை டிராப்ல, அதாவது பந்தைக் கையில இருந்து காலுக்கு விடறதுல, பிடிக்கப் பார்ப்பார், டிராப் அவசரமாகும். அந்த டிசம்பர் ஆட்டத்து ஸ்னாப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க.

[திரை: மெதுவான காட்சி. வலது கை, பந்து, வலது கால்.]

பன்ட்டுன்னா எல்லாரும் காலைத்தான் பார்ப்பாங்க. பார்க்க வேண்டியது கையை. பந்து சுமார் 28 சென்டிமீட்டர் நீளம், 400 கிராம் சொச்சம் எடை, ரெண்டு முனையும் கூர். உருண்டைப் பந்தை எப்படிப் போட்டாலும் காலுக்கு ஒரே மாதிரிதான் வரும். இது அப்படி இல்லை. பிடிச்ச உடனே தையல் மேல் பக்கம் வர்ற மாதிரி விரலாலேயே திருப்பணும். வலது கால் பன்ட்டர்னா வலது கையால, கை குலுக்குற மாதிரி பக்கவாட்டுல பிடிச்சு, கையை நீட்டி, உதைக்கிற காலோட இடுப்புக்கு நேரா கொண்டு வரணும். பந்தோட மூக்கு கொஞ்சம் உள்பக்கமா, அதாவது இடது பக்கமா திரும்பி, லேசா கீழே சாஞ்சிருக்கணும். ரெண்டு அடி எடுத்து வெச்சு, மணிக்கட்டை அசைக்காம விட்டுடணும். தூக்கிப் போடக் கூடாது. கையில எந்தக் கோணத்துல இருந்துச்சோ அதே கோணத்துல பந்து காலுக்கு வந்து சேரணும்.

கால் படுறது விரல்ல இல்லை. விரலை நீட்டி, பாதத்தை விறைப்பா வெச்சுக்கிட்டு, பாதத்து மேல்பக்க எலும்புல, நடுவுக்குச் சற்று வெளிப்பக்கமா வாங்கணும். அப்போதான் பந்து திருகாணி மாதிரி சுத்திக்கிட்டு மேலே ஏறும், உச்சியில மூக்கைக் கீழே கவிழ்த்து இன்னும் தூரம் போகும். மூக்கு தூக்கி இருந்தா அது கவிழாது, மிதந்து குறைச்சலா விழும். டிராப் ரொம்ப உள்ளே வந்தா உடம்புக்குக் குறுக்கே இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். வெளியே போனா பாதத்து ஓரத்துல பட்டு வலது பக்கமா 20 யார்டுல மைதானத்தை விட்டே ஓடிடும், அதுக்கு ஷாங்க்னு பேர். எதிர்காத்து அடிக்கிறப்போ கையை இன்னும் தாழ்த்தி விடுவாங்க. காத்து கெடுக்கிறது முதல்ல டிராப்பைத்தான், அப்புறம்தான் பந்து பறக்கிறதை.

அடுத்து ஹேங் டைம், அதாவது பந்து காத்துல நிக்கிற நேரம். 1980கள்ல மயாமி டால்ஃபின்ஸுக்கு ஆடின ரெஜி ரோபி, மேட்ச்லயே கையில வாட்ச் கட்டிக்கிட்டுத்தான் உதைப்பார். நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த அணிகள் ஆடுற என்எஃப்எல் லீக்கோட விதிப்படி ஸ்னாப் ஆன உடனே ஓட அனுமதி ரெண்டு ஓரத்துல நிக்கிற ரெண்டு பேருக்கு மட்டும்தான், அவங்களை கன்னர்னு சொல்வாங்க. மத்தவங்க பன்ட்டர் பந்தை உதைக்கிற வரைக்கும் ஸ்னாப் நடந்த கோட்டைத் தாண்டக் கூடாது. ஆக பந்து 45 யார்டு போச்சுன்னா 4.5 நொடியாவது மேலே இருக்கணும், அப்போதான் ஆள் போய்ச் சேர முடியும். 60 யார்டு போய் 4 நொடியில இறங்குற பந்து டிவியில அழகா இருக்கும். ஆனா பிடிக்கிறவருக்கு முன்னாடி ஒருத்தர் கூட இல்லாத வெளி கிடைச்சிடும். தாழ்வா, நேரா போன பந்து ஏன் ஆபத்துன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

அதனாலதான் கோச்சுங்க பார்க்கிறது நெட் கணக்கு. 50 யார்டு உதைச்சு எதிரணி 12 யார்டு திருப்பி ஓடினா நெட் 38. வெறும் 43 உதைச்சு, பிடிக்கிறவர் ஓட வழியில்லாம கையைத் தூக்கி நின்ன இடத்துலயே பிடிச்சா நெட் 43. பாதி மைதானத்துல இருந்து பலமா உதைச்சு பந்து மைதானக் கடைசியில இருக்கிற எண்ட் ஸோனுக்குள்ள போச்சுன்னா அதுக்கு டச்பேக்னு பேர். எதிரணிக்கு 20 யார்டு கோட்டுல பந்து. உதை 50, நெட் 30.

[திரை: இரண்டு எண்கள். 53.1. 41.6.]

முதல் எண் டென்னசி டைட்டன்ஸ் பன்ட்டர் ரயன் ஸ்டோன்ஹவுஸ் 2022ல எடுத்த சீசன் சராசரி, ஒரு உதைக்கு இத்தனை யார்டுன்னு. 1940ல சாமி பா வெச்ச 51.4ங்கிற சாதனையை அது முறியடிச்சது. ரெண்டாவது எண் ஜெஃப் ஃபீகிள்ஸோட மொத்த வாழ்க்கைச் சராசரி. சின்னதா தெரியுதா? 1988ல இருந்து 22 சீசன், 5 அணி, 352 ஆட்டம், ஒண்ணைக் கூட விடாம ஆடினவர் அவர். தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பந்தை ஓரக்கோட்டை ஒட்டி இறக்குவார், இல்லைன்னா கோட்டுக்கு வெளியவே அனுப்பிடுவார். பிடிக்கிறவருக்கு ஓட இடமே இருக்காது. எங்களைக் கேட்டா, 53ஐ விட இந்த 41.6தான் பன்ட்டிங்னா என்னன்னு சொல்லுது.

ஃபீகிள்ஸ் ஆடின கடைசி அணி ஜயன்ட்ஸ். 2004ல அணிக்கு வந்த, பந்தை வீசுற ஆட்டக்காரர் ஈலை மேனிங்குக்குத் தன்னோட 10ம் நம்பர் ஜெர்சியைக் கொடுத்துட்டு, பதிலுக்குக் குடும்பத்தோட ஃப்ளோரிடா போய் வர்ற செலவை வாங்கிக்கிட்டார். 41 வயசுல லீக்கோட இறுதி ஆட்டமான சூப்பர் போல் ஜெயிச்சார். 2010 ஏப்ரல்ல ஓய்வு. அந்த இடத்துக்கு வந்தவர்தான் மாட் டாட்ஜ். கோட்டுக்கு வெளிய உதைக்கிறதுல பேர் போனவர் போய் 8 மாசம்தான் ஆகியிருந்தது.

எதிரணி எண்ட் ஸோன் பக்கத்துல இருக்கிறப்போ வேற உதை. இதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தவங்க ஆஸ்திரேலியாக்காரங்க. அங்கத்திய ஃபுட்பால்ல பந்தைக் கையால எறியக் கூடாது, உதைச்சோ கை முஷ்டியால தட்டியோதான் பாஸ் பண்ணணும். பந்தைச் செங்குத்தா பிடிச்சு, கீழ்முனையில உதைச்சா அது பின்பக்கமா உருண்டு பறக்கும். தரையில விழுந்ததும் நிக்கும், இல்லைன்னா உதைச்சவங்க பக்கமே துள்ளும். டச்பேக் ஆகாம 5, 6 யார்டு கோட்டுல பந்தை நிறுத்த இதுதான் சரி. ஆஸ்திரேலியாவுல ஆடிட்டு வந்த டேரன் பென்னட், 1995ல சான் டியாகோ சார்ஜர்ஸுக்காக முதல் சீசன்லயே, லீக்கோட நட்சத்திர வீரர்கள் ஆட்டமான ப்ரோ போலுக்குத் தேர்வானார். அப்புறம் மெல்பர்ன்ல ப்ரோகிக்னு ஒரு பயிற்சிக்கூடமே வந்து, அங்கிருந்து பசங்க நேரா அமெரிக்கக் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்குப் போறாங்க. அப்படிப் போனவர் மைக்கேல் டிக்சன். 2021ல சியாட்டில் சீஹாக்ஸுக்காக உதைச்ச பந்தை எதிரணி மறிச்சிடுச்சு. கீழே கிடந்ததை எடுத்து, ஓடிக்கிட்டே ரெண்டாவது தடவை உதைச்சார். 68 யார்டு.

[திரை: காலி மைதானம், ஓரத்தில் உதைப்பு வலை.]

இனி பிழைப்பு. 32 அணி, அணிக்கு ஒரு பன்ட்டர், ஆக 32 வேலை. புது வீரர்களை அணிகள் முறை வெச்சுத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல எடுக்கப்படுறதே அபூர்வம், ஃபீகிள்ஸை யாரும் எடுக்கல. பன்ட்டரா முதல் ரவுண்டுல எடுக்கப்பட்டவர் ரே கை, 1973ல ஓக்லண்ட் ரெய்டர்ஸ், 23வது ஆள். கடைசி சீசன் 1986ல. புகழ் மண்டபத்துக்குள்ள போனது 2014ல. ஒரு பன்ட்டரை ஏத்துக்க 28 வருஷம் எடுத்துக்கிட்டது நியாயமே இல்லை.

வேலை இல்லாதவங்க செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருப்பாங்க. அணிக்கு அன்னிக்கு விடுமுறை, மைதானம் காலி. மூணு, நாலு பேரை வரவழைச்சு, ஸ்டாப்வாட்ச் வெச்சு உதைக்கச் சொல்வாங்க. கோல் கம்பங்களுக்கு நடுவுல உதைக்கிற ஃபீல்ட் கோலுக்குப் பந்தைப் பிடிச்சு நிறுத்துற ஹோல்டர் வேலையும் பெரும்பாலும் பன்ட்டருக்குத்தான். ஸ்னாப்பை வாங்கி, தரையில நிறுத்தி, தையலைக் கோல் பக்கம் திருப்பி வைக்கணும், எல்லாம் சேர்த்து 1.3 நொடிக்குள்ள. ரெண்டு பேர் சமமா உதைச்சா, நல்லா ஹோல்ட் பண்றவருக்குத்தான் வேலை. 2025 சீசன்ல புதுசா வர்றவருக்குக் குறைஞ்சபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். ஆனா அது வாரக்கணக்குல வரும். நடுவுல வெளியே அனுப்பிட்டா அதோட சரி.

உடம்புக்கு வர்ற தொல்லை தொடையின் பின்தசை, கவட்டை, இடுப்பு, கீழ்முதுகு. அளவு மீறி உதைச்சுப் பழகினா கால் ஞாயித்துக்கிழமைக்குள்ள செத்துடும். அதனால புதன், வியாழன் நிறைய, வெள்ளி கொஞ்சம், சனி ஓய்வுன்னு பிரிச்சுக்குவாங்க. மேட்ச் அன்னிக்கு வேற கஷ்டம். முக்கால் மணி நேரம் குளிர்ல சும்மா உட்கார்ந்துட்டு, எழுந்த உடனே முழு பலத்துல ஒரு உதை. மூணாவது வாய்ப்பு வந்ததுமே பன்ட்டர் எழுந்து ஓரத்துல இருக்கிற வலைக்குள்ள ரெண்டு தடவை உதைச்சுக்கிறது அதுக்காகத்தான்.

[திரை: இண்டியானாபொலிஸ், 5 பிப்ரவரி 2012. சூப்பர் போல்.]

2011 சீசனுக்கு ஜயன்ட்ஸ் டாட்ஜை வெச்சுக்கல. ஸ்டீவ் வெதர்ஃபர்டைக் கொண்டு வந்தாங்க. அந்த சீசன் முடிவுல சூப்பர் போல், எதிர்ல நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். வெதர்ஃபர்டோட முதல் பன்ட் பேட்ரியட்ஸோட 6 யார்டு கோட்டுல போய் நின்னுச்சு. முதுகுக்குப் பின்னாடி எண்ட் ஸோன், பேட்ரியட்ஸுக்காகப் பந்தை வீசுற டாம் பிரேடிக்குப் பின்வாங்க இடமில்லை. எண்ட் ஸோனுக்குள்ள நின்னுக்கிட்டு, நெருக்கடியில ஆள் இல்லாத பக்கம் பந்தை வீசினார். விதிப்படி அது சேஃப்டி. பேட்ரியட்ஸ் ஆடின முதல் பிளேயே அதுதான். ஜயன்ட்ஸுக்கு 2 புள்ளி, பந்தும் திரும்ப அவங்களுக்கே. ஆட்டம் முடிஞ்சப்போ 21–17.