வாடகை வீடு பார்க்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் ஒரு சோப்புத் துண்டு இருக்கட்டும்! | வட சென்னை

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலோ, தண்டையார்பேட்டையிலோ, திருவொற்றியூரிலோ முதன்முதலாக வாடகைக்குக் குடிபோகப் போகிறவர் நீங்கள் என்றால், வீடு பார்க்கப் புறப்படும் முன் குளியல் சோப்பில் ஒரு சிறு துண்டை வெட்டித் தாளில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அட்வான்ஸாகக் கொடுக்கவிருக்கும் தொகையை அந்தத் துண்டு காப்பாற்றக்கூடும்.

[திரையில்: ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரையிலான கடற்கரை வரைபடம்]

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைத் தண்ணீர்: குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர் ஒன்று, போரிலிருந்து, அதாவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, இறைப்பது மற்றொன்று. மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. கடலோரத் தெருக்களிலும் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது புதிதல்ல. அதே கடல்நீரை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் திறனுடன் 2010-இல் தொடங்கப்பட்ட நிலையம் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் இருக்கிறது. ஆகவே நம் பகுதிக்குக் கடல் இரண்டு வழிகளில் வருகிறது: காட்டுப்பள்ளி வழியாக வந்தால் சமைக்கலாம், தரைக்கடியில் வந்தால் துணிகூடத் துவைக்க முடியாது!

இனி சோப்புக்கு வருவோம். குளியலறைக் குழாயைத் திறந்து, கையில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை பொங்கி எளிதில் அலசப்பட்டால் நல்லது. நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைத் திப்பி ஒட்டினால், தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி என்று பொருள். அவை சோப்புடன் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. ஷாம்புவையோ சலவைத் தூளையோ கொண்டு சோதித்துவிடாதீர்கள், ஏனெனில் அவை கடின நீரிலும் ஓரளவு நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும். இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி என்னவென்றால், சோப்புத் தயாரிப்பவர்களே காய்ச்சிய கலவையில் உப்பைக் கொட்டித்தான் சோப்பைத் தனியே திரண்டு மிதக்கச் செய்கிறார்கள். உப்புக்கும் சோப்புக்கும் ஆகாது என்பது பட்டறையிலேயே முடிவான பகை. அதை நம் குளியலறையில் சமாதானப்படுத்த முடியாது.

சோப்பை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தால் குழாயின் வாயைப் பாருங்கள். சுவருக்குப் புதிதாக வெள்ளையடிக்கும் உரிமையாளர்கள் பழைய குழாயை மாற்றுவது அரிது. அதன் நுனியிலும் ஷவரின் துளைகளிலும் வெண்படலம் கட்டியிருந்தால், நீங்கள் வாங்கும் ஹீட்டருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அதே கதிதான். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கப்படுகிறது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து இரவு முழுவதும் வையுங்கள். தெளிவாக இருந்தது விடிவதற்குள் மஞ்சளித்தால் இரும்புச் சத்து இருக்கிறது, வெள்ளைச் சட்டைகளை மறந்துவிடலாம்.

தரத்தோடு முடிந்துவிடவில்லை. மெட்ரோ தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் ஒரு சம்ப்பை எத்தனை குடித்தனங்கள் பங்கிடுகின்றன, அடிபம்பு வாசலில் இருக்கிறதா பக்கத்துச் சந்திலா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் ஸ்விட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் வீட்டுக்குள் இருந்தால், அவர் திருப்பதிக்குப் போகும் நாளில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் உடன் போய்விடும். ஆகவே வீடு பார்க்க ஞாயிறு பிற்பகலில் போகாதீர்கள். தண்ணீர் வரும் நேரத்தில், அது விடியற்காலை ஐந்து மணியானாலும், போய் நில்லுங்கள். முதலில் வரும் தண்ணீரை முகர்ந்தும் பாருங்கள், பழைய தெருக்களில் கழிவுநீர் கலப்பதாகப் புகார் எழுவது வழக்கம். உங்கள் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அங்கே வீடு தேடும் ஒருவருக்குத் தரகரின் வாக்குறுதியைவிட அது பயன்படும்.

[திரையில்: தெரு முனைத் தேநீர்க் கடை]

வெள்ளத்தைப் பற்றி உரிமையாளரிடம் கேட்காதீர்கள், தேநீர்க் கடையில் கேளுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதே கேள்வி. வியாசர்பாடி, மணலி, எர்ணாவூர்ப் பக்கம் தரைத்தளம் பார்ப்பவர்கள் இதைக் கேட்காமல் வரவே கூடாது.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் வீட்டுக்கெனத் தனி இணைப்பா, பொது இணைப்பில் சப் மீட்டரா? இலவச யூனிட்டுகள் இணைப்புக்குத்தான் கிடைக்கின்றன, குடித்தனத்துக்கு அல்ல. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், பொது இணைப்பில் அடுத்த வீட்டு ஏசிக்கு நீங்களும் பங்கு கட்ட நேரும். தனி இணைப்பு என்றால் அதன் எண்ணை வாங்கி, பழைய பாக்கி இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை ஒரே மூச்சில் முடிக்கிறேன். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது; வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. அந்த "வேறு உடன்பாடு" நீங்கள் கையெழுத்திடும் தாளில்தான் இருக்கும் என்பதால், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் பால் காய்ச்சிக் குடிபோகப் பலரும் தயங்குவதால் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்காவிட்டால், ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பால் காய்ச்சலாம் என்பது என் கருத்து.

சாமான் குறைவாக இருந்தால் குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டி வேண்டாம், சந்துக்குள் நுழையும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியே போதும். ஆனால் வண்டி வருவதற்கு முன், காலி வீட்டின் ஒவ்வொரு சுவரையும், விரிசலையும், ஓதத்தையும், உடைந்த தாழ்ப்பாளையும் கைப்பேசியில் படம்பிடித்து உரிமையாளருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இருப்பதால், எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.